நுரையீரல் புற்றுநோயும் இழப்பீடும்: பினாங்கு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: அப்பா பிறை நகரில் ஒரு ஃபேக்டரியில் கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் துணி சுற்றியவர். வேலையை விட்டு மூன்று வருடம். இப்போது நுரையீரல் புற்றுநோய். சிகரெட் பிடித்தவருக்கு சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் இழப்பீடு) கிடைக்காது என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், அம்மா. சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். சிகரெட்டைக் காட்டி ஆஸ்பெஸ்டாஸைத் தப்பவிட முடியாது. டாக்டரிடம் புகைத்ததை மறைக்காதீர்கள். பிறகு தெரிந்தால் மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய் மலேசியாவின் 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த வேலையை விட்ட 60 மாதத்துக்குள் நோய் வந்தால், வேலையால் வந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அப்பா இன்னும் அந்தக் கெடுவுக்குள் இருக்கிறார், உடனே மனு செய்யுங்கள். இருபது, முப்பது வருடம் கழித்துத் தலைகாட்டும் நோய்க்கு 60 மாதம் என்று கோடு போட்டது தொழிலாளிக்குச் செய்த அநியாயம் என்பேன்.

மனுவுக்கு உயிர் வேலை வரலாறுதான். “ஃபேக்டரி வேலை” என்று மொட்டையாகச் சொன்னால் டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். எந்த வருடத்திலிருந்து எதுவரை, துணியை எதனால் வெட்டினார், பழைய சுற்றை உரித்தபோது தூசி எப்படிப் பறந்தது, முகத்துக்கு என்ன கட்டினார், பக்கத்தில் நின்றவர் யார்? அப்பாவுக்குப் பேச மூச்சு இருக்கும்போதே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பே ஸ்லிப் தொலைந்திருந்தால் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தாக் கணக்கு உதவும். ரசாயனப் பாதிப்புக்கான மருத்துவக் கண்காணிப்பு நடந்திருந்தால், அந்தப் பதிவேடுகளை முதலாளி 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள். தொழில்சார் நோய் என்று கருதும் டாக்டர் 7 நாளில் ஜேகேகேபிக்கு (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு) தெரிவிக்க வேண்டும். தெரிவித்தாரா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: சொக்சோ வாங்கிய பிறகு முதலாளி மேல் கேஸ் போடலாமா?

பதில்: முடியாது. அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அந்தத் தடை முதலாளிக்கும் அவருடைய ஊழியர்களுக்கும்தான். பொருளைத் தயாரித்த கம்பெனி, வேலை நடந்த இடத்தின் சொந்தக்காரர் போன்ற மூன்றாம் தரப்பு மீது வழக்குப் போட வழி உண்டு.

கேள்வி: வேலைக்குப் போனவர் என் கணவர். அவர் சட்டையை உதறித் துவைத்தவள் நான். நோய் எனக்கு வந்திருக்கிறது.

பதில்: அக்கா, உங்கள் கடிதம் மனசை என்னவோ செய்துவிட்டது. தூசி வீட்டுக்கு வந்து குடும்பத்தைத் தாக்குவது மருத்துவ உலகம் நன்கறிந்த விஷயம். நீங்கள் ஊழியர் இல்லை என்பதால் ஊழியர்களுக்கான சொக்சோ இழப்பீட்டில் இடமில்லை, சிவில் வழக்குப் போடலாம். கெடு பொதுவாக 6 ஆண்டு, அரசாங்கத்துக்கு எதிராக என்றால் 36 மாதம். பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிட வழிசெய்த காலவரம்புச் சட்டத்தின் 2018 திருத்தம் உடல்பாதிப்பு வழக்குகளுக்குப் பொருந்தாது. ஆகவே எந்த நாளிலிருந்து கெடு ஓடுகிறது என்பதிலேயே எதிர்த்தரப்பு சண்டை போடும். பயாப்சி முடிவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: கிடைப்பதில் 30 விழுக்காடு கொடுத்தால் போதும் என்கிறார் ஒரு லாயர்.

பதில்: ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜெயித்தால் பங்கு என்ற ஒப்பந்தத்தை 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

கேள்வி: கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: செய்யலாம், அம்மா. தொழில்சார் நோய் என்று சொக்சோ ஏற்றுக்கொண்டால், சார்ந்தோர் உதவித்தொகையில் மனைவிக்கு 3/5, பிள்ளைகளுக்கு 2/5. மூன்றாம் தரப்பு மீது வழக்கென்றால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அதில் துயர இழப்பீடு மட்டும் 30,000 வெள்ளி (ரிங்கிட்). மரணச் சான்றிதழில் காரணம் எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெறும் “மூச்சுத் திணறல்” என்றிருந்தால், சிகிச்சை தந்த மருத்துவமனையில் முழு மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள்.