தவறிய நாளுக்கு மறுநாள்

கேள்வி: விடியற்காலை 5 மணிக்கு எழுந்து படிப்பது என்று நான்கு முறை தொடங்கிவிட்டேன். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ நின்றுபோகிறது. 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்கிறார்கள். அதுவரைகூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எனக்கு மனவுறுதியே இல்லையா?

பதில்: முதலில் அந்த 21-ஐத் தலைமுழுகுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைக்குப் பிறகு புது முகம் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ஊர் வாயில் புகுந்து வந்ததில் அந்தக் 'குறைந்தது' காணாமல் போய்விட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் பிடித்தது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு, அந்த 12 வாரப் போக்கை நீட்டிப் போட்ட கணக்குப்படி, 254 நாள். இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

எழும் நேரத்தை எழுதியிருக்கிறீர்கள், படுக்கும் நேரத்தை எழுதவில்லை. ஓட்டை அங்கேதான். 7 மணி நேரத் தூக்கம் வேண்டுமென்றால் 10 மணிக்குக் கண் மூட வேண்டும். இப்போது 6:30-க்கு எழுகிறீர்கள் என்றால், ஐந்து நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். ஆறு படி, ஒரு மாதம். படுக்கும் நேரமும் கூடவே நகர வேண்டும். ஒரே நாளில் ஒன்றரை மணி நேரத்தைப் பிடுங்கினால், சேர்ந்த தூக்கக் கடனை உடம்பு எட்டாம் நாள் வட்டியோடு வசூலிக்கும்.

போன் கைக்கெட்டாத மேசையில் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே புத்தகம், நாளைக்கான பக்கம் திறந்தபடி, மேலே பேனா. 'அலாரத்தை அணைத்ததும் விளக்கைப் போட்டு அந்தப் பக்கத்தின் முதல் வரியைப் படிப்பேன்' என்று எழுதி ஒட்டுங்கள். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போடுவது, 'நன்றாகப் படிப்பேன்' என்ற பொதுவான தீர்மானத்தைவிட வேலை செய்கிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியிருக்கிறார். முதல் இரண்டு வாரம் 10 நிமிடம் போதும், ஆசை வந்தாலும் கூட்ட வேண்டாம்.

தவறிய நாளில் நோட்டில் 'சோம்பேறி' என்று எழுதாதீர்கள். 'இரவு 11:40 வரை போன்' என்று எழுதுங்கள். முதலாவதைத் திருத்த வழியில்லை, இரண்டாவதைத் திருத்தலாம். விட்டதைப் பிடிக்க மறுநாள் இரட்டிப்பாகப் படிப்பதும் வேண்டாம், அது தண்டனையாகிவிடும். அடுத்தடுத்து இரண்டு நாள் தவறினால் நேரத்தை 15 நிமிடம் பின்னுக்குத் தள்ளித் தொடருங்கள். 'போனது போச்சு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து' என்ற நினைப்புதான் உங்கள் நான்கு முயற்சிகளையும் முடித்திருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: கோபம் வந்தால் வீட்டில் கத்திவிடுகிறேன், பிறகு மன்னிப்புக் கேட்கிறேன். என் அப்பாவும் இப்படித்தான். வளர்ந்த விதத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

பதில்: வளர்ந்த விதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் கத்தியது உங்கள் தொண்டை. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது பயனுள்ள வேலைதான், ஆனால் அது மாற்றம் ஆகாது.

கத்தலுக்கு முன் உடம்பு தகவல் சொல்லும்: தாடை இறுகும், பேச்சு வேகமெடுக்கும், ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். அது தென்பட்டதும், '20 நிமிடத்தில் வந்து பேசுகிறேன்' என்று நேரம் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொல்லாமல் போனால் எதிரில் இருப்பவருக்கு அது அவமதிப்பு. சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள். வெளியே நிற்கும்போது அடுத்த வாதத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தால் சூடு இறங்காது, ஏறும்.

மன்னிப்பில் 'ஆனால்' வரக்கூடாது. 'கத்தினேன், நீ பயந்துவிட்டாய், இனி எழுந்து போய்விட்டு வருவேன்' என்பதோடு நிறுத்துங்கள். கை ஓங்குவது, பொருளை எறிவது வரை போகிறது என்றால் பத்திரிகைப் பதில் போதாது, ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்கினால் விடாமல் செய்வேனா?

பதில்: 'நான் இனி இப்படிப்பட்ட ஆள்' என்று அறிவித்ததுமே பாதி ஆகிவிட்டதுபோல ஒரு திருப்தி வந்துவிடும், அது ஆபத்து. ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள், உங்களைச் சமாதானப்படுத்தாத ஒருவராகப் பார்த்து. ஞாயிறுதோறும் அவருக்கு, ஏழு நாளில் எத்தனை நாள் செய்தீர்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்கள்: '7-இல் 4'.