வலைநார் போர்த்த விதை

கேள்வி: தான்சானியாவில் வேலை பார்க்கும் என் அண்ணன், வலைப்பின்னல் போன்ற நார் மூடிய தட்டையான விதைகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். உண்ணலாமா? எங்கள் மணற்பாங்கான நிலத்தில் வளருமா?
– வாசகி, தொண்டி.

பதில்: அவை கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் பெருமரங்களைப் பற்றி 30 மீட்டர் உயரம் வரை ஏறும், பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்த ‘குவேமே’ கொடியின் விதைகளாகவே இருக்க வேண்டும். நாரையும் கசக்கும் ஓட்டையும் பொறுமையாக நீக்கினால், உள்ளிருக்கும் எண்ணெய்ப்பசை மிகுந்த வெண்பருப்பைப் பச்சையாகவோ வறுத்தோ உண்ணலாம். அங்கே பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்க இதைக் கொடுப்பது வழக்கம். பூஞ்சை பிடித்ததை மட்டும் தொடாதீர்கள்.

வளர்ப்பதுதான் கடினம். ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனி என்பதால் ஒற்றைக்கொடி காய்க்காது. காய் 10 கிலோவையும் தாண்டுமாதலால் நம் பீர்க்கம்பந்தல் அதைத் தாங்காது. மேலும், நீர் தேங்காத வளமான மண்ணை விரும்பும் இக்கொடிக்கு, தொண்டியின் உவர்மண்ணும் நீண்ட வறட்சியும் ஒத்துவரா என்றே கருதுகிறேன்.