சாயலிக்கு என்ன பசி?

அன்புள்ள ஐயா,

மாயமும் மறைவழிபாடும் கலந்த ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஒரு தெய்வ மரபையே கற்பனையாக உருவாக்கியிருக்கிறேன். ஏழு தெய்வங்கள், ஒவ்வொன்றுக்கும் சடங்கு, மந்திரம், பலி எல்லாம் உண்டு. கையெழுத்துப் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன், பிற்பகுதி இழுக்கிறது என்று எனக்கே தெரிகிறது. நான்காவது தெய்வம் சாயலி. அழகுக்கும் கண்ணாடிக்கும் உரியவள், மகா கர்வி. ஆயிரம் கண்ணாடிகள் பதித்த மாளிகையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னைவிட அழகான மனிதர் யாராவது கண்ணாடி முன் நின்றால் அவர் முகத்தைப் பறித்துக்கொள்வாள். படித்துப் பார்த்த இரண்டு நண்பர்களும் "இது தெய்வமா, டிவி சீரியல் வில்லியா?" என்று கேட்டுவிட்டார்கள். கர்வம் பிடித்த ஒரு தெய்வத்தை வாசகர் நடுங்கும்படி எழுத முடியாதா? இன்னொரு சின்னக் கேள்வி. கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும் என்பதால் அவள் சிலையின் இடக்கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறேன். சரிதானா?

க.

அன்புள்ள க.,

நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் கோளாறு சாயலியின் கர்வத்தில் இல்லை. அவளுக்கு எல்லாமே இருக்கிறது, அதுதான் சிக்கல். அழகு, மாளிகை, ஆயிரம் கண்ணாடி. இவ்வளவும் உள்ளவள் சாதாரண மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்றால், அந்த இடத்திலேயே அவள் தெய்வ அந்தஸ்திலிருந்து இறங்கிவிடுகிறாள்.

ஆளில்லாத அறையில் தொங்கும் கண்ணாடியில் என்ன தெரியும்? எதிர்ச்சுவர். கண்ணாடிக்கென்று ஒரு முகம் கிடையாது. கண்ணாடியின் தெய்வத்துக்கு மட்டும் எப்படி இருக்கும்? சாயலி முகங்களைப் பறிக்கட்டும், அது நல்ல கற்பனை, விட்டுவிடாதீர்கள். அவர்கள் தன்னைவிட அழகு என்பதற்காகப் பறிக்க வேண்டாம். தனக்கு ஒன்று இல்லை என்பதற்காகப் பறிக்கட்டும். அவள் கர்வப்படும் அழகு முழுவதும் யாரிடமிருந்தோ வந்தது, அது நிலைப்பதும் இல்லை, அதனால் அவளுக்கு ஓயாமல் ஆள் வேண்டும். இப்படி வைத்தால் அழகில்லாதவன்கூட அவளிடமிருந்து தப்ப முடியாது. வாசகன் நடுங்குவதற்கு அது போதும், ஏனென்றால் அவனும் தினம் கண்ணாடி முன் நிற்பவன்தானே!

பழைய புராணங்களும் தெய்வத்தின் கர்வத்தைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜப்பானியக் கதையில் சூரியதேவி அமதெராசு கோபித்துக்கொண்டு குகைக்குள் போய் அடைத்துக்கொள்கிறாள். உலகம் இருண்டுவிடுகிறது. மற்ற தெய்வங்கள் வெளியே ஒரு மரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டு, ஆட்டமும் சிரிப்புமாகக் கூத்தடிக்கிறார்கள். என்ன சத்தம் என்று அவள் கேட்கிறாள். உன்னைவிட மேலான தெய்வம் ஒருத்தி வந்திருக்கிறாள், அந்தக் கொண்டாட்டம் என்கிறார்கள். யார் அவள் என்று எட்டிப் பார்க்கிறாள். கண்ணாடியில் தெரிவது அவளேதான். அசந்து நின்ற அந்த நொடியில் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள். அவள் மனதில் அந்தக் குறுகுறுப்பு மட்டும் இல்லாதிருந்தால் உலகத்துக்கு வெளிச்சம் திரும்பியிருக்காது.

மெக்சிகோவை ஒரு காலத்தில் ஆண்ட அஸ்டெக்குகளின் தெய்வம் தெஸ்காட்லிபோகா இதற்கு நேரெதிர். ஓவியங்களில் அவனுடைய ஒரு பாதம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருக்கும். தூலா நகரத்தில் தவ ஒழுக்கத்தோடு ஆண்ட குவெட்சால்கோவாட்லிடம் அவன் ஒரு கண்ணாடியை நீட்டுகிறான். அதில் தெரிந்த வீங்கிய, சுருங்கிய முகத்தைப் பார்த்து அரசன் அரண்டுபோகிறான், இனி யார் கண்ணிலும் படமாட்டேன் என்கிறான். அப்புறம் தெஸ்காட்லிபோகாவின் கூட்டாளி ஒருவன் வந்து இறகு ஆடையும் பச்சைக்கல் முகமூடியும் அணிவித்து மறுபடி கண்ணாடியைக் காட்டுகிறான். இப்போது அரசனுக்கு ஏக சந்தோஷம், வெளியே வருகிறான். பிறகு குடிக்கவைக்கிறார்கள், ஒழுக்கம் உடைகிறது, நாட்டை விட்டே போகிறான். வெட்கம், கர்வம் இரண்டையும் ஊட்டியது கண்ணாடிதான். யாரும் அவனை அடிக்கவில்லை, சபிக்கவில்லை. சாயலியின் ஆயுதம் இந்த மாதிரி இருந்தால் அந்தக் கத்தியே தேவைப்படாது.

போகிற போக்கில் ஒன்று. கர்வம் என்றதும் ஏன் நம் கை பெண்ணை வரைந்துவிடுகிறது? தெஸ்காட்லிபோகா ஆண். குளத்து நீரில் தன்னைப் பார்த்தே உயிரை விட்ட கிரேக்க நார்சிசஸும் ஆண். சாயலியைப் பெண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள், அவளுடைய பூசாரிகளிலாவது கர்வம் பிடித்த நாலு ஆண்கள் இருக்கட்டும்.

இனி சடங்குகள். நீங்கள் எழுதியிருக்கும் ரத்தமும் மெழுகுவர்த்தியும் எந்தத் தெய்வத்துக்கும் பொருந்தும். முதலில் உங்கள் உலகத்துக் கண்ணாடி எதனால் ஆனது என்று முடிவு செய்யுங்கள். கண்ணாடித் தகட்டின் பின்புறம் வெள்ளி படியவைக்கும் ரசாயன முறையை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835-இல்தான் கண்டுபிடித்தார். அதற்கு முன் நெடுங்காலம் உலோகத்தையும் எரிமலைக் கல்லையும் மெருகேற்றித்தான் முகம் பார்த்தார்கள். வெண்கலக் கண்ணாடி சும்மா விட்டால் மங்கிவிடும். அதனால் சாயலிக்குத் தேய்ப்பதே பூசை. ஒரு நாள் தவறினாலும் அவள் முகம் மங்கும். கர்வி ஒருத்தி தன்னைத் தேய்ப்பவர்களை எவ்வளவு வெறுப்பாள், எவ்வளவு அவர்களையே சார்ந்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

அல்லது வெனிஸ் பக்கம் போங்கள். அங்கே முரானோ தீவின் கண்ணாடிகள் ஐரோப்பா முழுக்கப் பேர்பெற்றவை. தட்டையாக விரித்த வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசத்தை ஊற்றி, அதன் மேல் கண்ணாடியை நகர்த்திப் பொருத்துவார்கள். பாதரச ஆவியை முகர்ந்தே தொழிலாளிகளுக்குக் கை நடுக்கம் வந்தது, மூச்சிரைப்பு வந்தது. தொழில்நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமட்சினி 1700-இல் இவர்களைக் குறிப்பிடுகிறார். தாங்கள் செய்த கண்ணாடியிலேயே தங்கள் நோயைப் பார்த்து முகம் சுளித்து, இந்தத் தொழிலுக்கு வந்தோமே என்று சபித்துக்கொண்டார்களாம். நான் படித்தவற்றில் இவ்வளவு கொடூரமான கண்ணாடிக் காட்சி வேறு இல்லை. சாயலிக்குப் பலி வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. அவளை அழகாக்குகிறவனின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் போய்ச் சேர்கிறது. கிடாவும் வேண்டாம், கன்னிப்பெண்ணும் வேண்டாம்.

தரிசனக் காட்சியில் புகை, இடி, வானத்துக் குரல் எல்லாம் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். இத்தாலிய உளவியலாளர் ஜியோவான்னி கபூட்டோ 2010-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். மங்கிய வெளிச்சத்தில் 50 பேரைத் தனித்தனியே கண்ணாடி முன் உட்காரவைத்து, 10 நிமிடம் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். மூன்றில் இரண்டு பங்கு பேருக்குத் தங்கள் முகம் விகாரமாக உருமாறித் தெரிந்தது. சிலருக்கு யாரோ அந்நியர், சிலருக்கு மிருக முகம், சிலருக்குப் பெற்றோரின் சாயல். அசையாமல் ஒன்றையே வெறித்தால் கண்ணும் மூளையும் செய்யும் வேலை இது. உங்கள் பக்தனுக்கு மந்திரம்கூடத் தேவையில்லை. ஒரு சின்ன விளக்கு, 10 நிமிடம். சாயலி வந்துவிடுவாள்.

நாவலின் பிற்பகுதி இழுக்கிறது என்று நீங்களே ஒத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு யோசனை சொல்கிறேன். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் காலத்து அறிஞர் ஜான் டீ ஆவிகளோடு பேசப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும், எரிமலைக் கல்லில் செய்த கருங்கண்ணாடி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த எரிமலைக் கல் மெக்சிகோவின் பச்சூகாவிலிருந்து போனது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. தெஸ்காட்லிபோகாவின் மக்கள் மெருகேற்றிய கல்லில் ஒரு ஆங்கிலேயர் தேவதூதர்களைத் தேடியிருக்கிறார்! சாயலியின் கண்ணாடியும் இப்படிக் கடல் கடந்து, அவள் பெயரே தெரியாத ஒருவர் கைக்குப் போனால் என்ன செய்வாள்? வேறு தெய்வத்தின் பெயருக்குப் பதில் சொல்வாளா? கர்வம் விடுமா?

சிலை விஷயம். இடக்கையில் கத்தி சரிதான், காரணம் மட்டும் வேறு. கண்ணாடி இடம் வலத்தை மாற்றுவதில்லை. வடக்கே பார்த்து அதன் முன் நின்று கிழக்கே கையை நீட்டுங்கள், பிம்பமும் கிழக்கேதான் நீட்டும். வடக்கே நீட்டினால்தான் அது தெற்கே, உங்களை நோக்கி நீட்டும். மாறுவது முன்னும் பின்னும். ஆக, கும்பிட வருகிறவன் வலக்கையில் கத்தி வைத்திருந்தால், எதிரே நிற்கும் சாயலியின் கத்தி அவன் வலப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிலைக்கு அது இடக்கை. வந்தவன் கையில் கத்தி இல்லாவிட்டால் அவள் கையிலும் இருக்கக் கூடாது. சிற்பியிடம் கத்தியைக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள்.