கலங்கல் தெளியவில்லை, கரையும் நிற்கவில்லை: வாசகர் கேள்விகள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுக்குட்டை வெட்டியவர்கள் எழுதியவை. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு. 30-க்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டினேன். ஐப்பசி மழையில் நிறைந்தது. மூன்று மாதமாகியும் தண்ணீர் பால் ஊற்றிய டீ மாதிரியே இருக்கிறது. 50 கிலோ படிகாரம் வாங்கிக் கொட்டினேன். கொட்டிய மூலை மட்டும் தெளிந்தது, மறுநாள் பழையபடி ஆகிவிட்டது. இன்னொரு மூட்டை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதல் மூட்டையே உங்களுக்குத் தேவைக்கு அதிகமாக இருந்திருக்கலாம். கரிசலில் உள்ள களிமண் துகள் மிகவும் நுண்ணியது. துகள்கள் எல்லாம் ஒரே மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், சேர்ந்து கனமாகி அடியில் படியாது. சோடிய உப்பு மிகுந்த களர் மண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அந்தத் தள்ளலை உடைத்துத் துகள்களை ஒன்றாகத் திரள வைப்பதுதான் படிகாரத்தின் வேலை, ஆனால் அது குட்டை முழுக்கக் கலந்தால்தான் நடக்கும்.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இது. ஒரு லிட்டர் பாட்டில் நான்கில் குட்டைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஒரு கிராம் படிகாரத்தை 100 மில்லி நல்ல தண்ணீரில் கரைத்து, ஒரு பாட்டிலில் 1 மில்லி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 விட்டுக் கலக்கி வையுங்கள். நான்காவதில் எதுவும் விட வேண்டாம். ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்று இருந்தால் அளவு சரியாக வரும். மறுநாள் காலையில் எது அடி தெரிகிற மாதிரி தெளிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் அளவு. எதுவும் விடாத பாட்டிலும் ஒரு வாரத்தில் தானாகத் தெளிந்துவிட்டால், உங்களுக்கு மருந்தே வேண்டாம், எங்கிருந்தோ மண் திரும்பத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

2 மில்லி விட்ட பாட்டில் தெளிந்தது என்று வைத்துக்கொள்வோம். அது லிட்டருக்கு 20 மில்லிகிராம். கரை சாய்வாக வெட்டியிருந்தால் உங்கள் குட்டை சுமார் 14.5 லட்சம் லிட்டர் பிடிக்கும், அதற்கு 30 கிலோவுக்குள் போதும். டிரம்மில் கரைத்து, காற்று அடங்கிய காலை வேளையில் பரப்பு முழுக்கத் தெளிக்க வேண்டும். மீன் விட்டிருந்தால் கவனம்: படிகாரம் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கூட்டும், அளவு தப்பினால் மீன் சாகும். மீன் குட்டைக்கு ஜிப்சம் பாதுகாப்பானது, ஆனால் அதிகம் தேவைப்படும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கணக்குப் போட்டால் ஆறு மூட்டை வரும். அதையும் பாட்டிலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: தேத்தாங்கொட்டை போட்டால் குட்டை தெளியுமா?

பதில்: குடம் தெளியும். உட்பக்கத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் எங்கள் பாட்டி வரை இருந்தது. லட்சக்கணக்கான லிட்டருக்கு அது கட்டுப்படியாகாது.

கேள்வி: நுண்ணுயிர்க் கரைசல் ஒரு கேன் 2,400 ரூபாய், மூன்றே நாளில் சேறு அடங்கும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நான் நம்பினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சான் குட்டைக்காக இதே மாதிரி இரண்டு கேன் வாங்கினேன். இருபது நாள் காத்திருந்தும் ஒரு மாற்றமும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் அளவு போதவில்லை, இன்னும் இரண்டு கேன் விடுங்கள் என்றார். அப்புறம்தான் கேனின் பின்பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். இலைதழை, சாணம், மீன் தீனி மிச்சம் இவற்றை மட்கச் செய்யும் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நுண்ணுயிர் தின்பதற்குக் களிமண்ணில் ஒன்றும் கிடையாது. அந்தப் பணம் எனக்குத் திரும்பவில்லை, உங்கள் பணமாவது தப்பட்டும்.

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டம், செம்மண். ஜேசிபி வைத்து 14 மணி நேரம் வேலை பார்த்துக் குட்டை எடுத்தோம். கரை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது, தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்துவிட்டார்கள். முதல் மழையில் மூன்று இடத்தில் சரிந்துவிட்டது. ஓட்டுநர் இப்போது போன் எடுப்பதில்லை. ரசீது இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: எழுத்தில் அளவு கொடுத்தீர்களா? இல்லை. ரசீது கேட்டீர்களா? அதுவும் இல்லை. வேலை நடந்த 14 மணி நேரமும் பக்கத்தில் யாராவது நின்றிருந்தால் செங்குத்தாக இறங்குவது முதல் மணி நேரத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே கடிதம் எனக்கு வருடா வருடம் வருகிறது. பத்தாயிரம் ரூபாய் போனுக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள், நிலத்தையே வெட்டும் வேலையை “பாத்துப் பண்ணுங்கண்ணே” என்ற ஒரு வார்த்தையில் ஒப்படைத்துவிடுகிறார்கள்.

மணி நேரக் கணக்கில் இயந்திரம் பேசினால் நீங்கள் வாங்குவது நேரம், குட்டை அல்ல. முடிவில் ஆழத்தை மட்டும்தான் எட்டிப் பார்ப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நனைந்த மண் செங்குத்தாக நிற்காது. ஒன்றுக்கு ஒன்றரை சாய்வாவது வேண்டும், அதாவது 2 மீட்டர் ஆழத்துக்குக் கரையின் அடி விளிம்பு, வெளி விளிம்பிலிருந்து 3 மீட்டர் உள்ளே இருக்க வேண்டும். மணல் கலந்த மண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டு. வெளி விளிம்புக்கு ஒரு கயிறு, அடி விளிம்புக்கு ஒரு கயிறு, மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்துவிட்டு அதற்கப்புறம்தான் இயந்திரத்தை இறக்க வேண்டும். தோண்டிய மண் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரமே கரையைத் தள்ளும், மழையில் கரைந்து திரும்பக் குட்டைக்குள்ளேயே வரும், அடுத்த மாதம் நீங்களே தண்ணீர் கலங்கல் என்று எனக்கு எழுதுவீர்கள். தண்ணீர் வருகிற வாயில் கல் பதிக்க வேண்டும், அதற்கு முன்னால் வண்டல் தங்க ஒரு சின்னக் குழி வேண்டும். இந்த நான்கையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, பாதிப் பணம் அளந்து பார்த்த பிறகு என்று கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். வேளாண் பொறியியல் துறையிலும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும், அங்கே ரசீதும் உண்டு.

இப்போதைக்கு குவித்த மண்ணை ஆள் வைத்துத் தள்ளிப் போடுங்கள். சித்திரையில் தண்ணீர் வற்றியதும் சாய்வு எடுத்து, தென்னை நார் வலை விரித்து அருகம்புல் பதியுங்கள். கூகுள் பேயில் பணம் போட்டிருந்தால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள், புகார் கொடுக்க அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: வெங்காயத்தாமரை தண்ணீரைத் தெளிய வைக்கும் என்று இணையத்தில் விற்கிறார்களே?

பதில்: சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: கணவர் இறந்த பிறகு நானே தோட்டம் பார்க்கிறேன். கரை அரிப்புக்கு வெட்டிவேர் நல்லது என்றார்கள். இணையத்தில் 600 நாற்று, ஒன்று 8 ரூபாய், 4,800 ரூபாய் கட்டினேன். நட்டு இரண்டு மாதம் கழித்துப் பார்த்தவர்கள் இது வெட்டிவேரே இல்லை என்கிறார்கள். விற்றவர் என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. இலை வெட்டிய நாற்றை வைத்து வெட்டிவேரையும் எலுமிச்சைப்புல்லையும் பிரித்துச் சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை வாசம் வந்தால் அது எலுமிச்சைப்புல். வெட்டிவேருக்கு இலையில் மணம் இருக்காது, வேரில்தான் இருக்கும். ஒரு தூரைப் பிடுங்கி இலை, வேர் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

விளம்பரம், பேசிய செய்திகள், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி வாங்கும்போது நேரில் போய் வேரோடு பார்த்து வாங்குங்கள். நாற்றுக்கு நாற்று அரை சாண் இடைவெளியில் நெருக்கி நட்டால்தான் வேலி மாதிரி நின்று மண்ணைப் பிடிக்கும். 600 நாற்று சுமார் 70 மீட்டருக்குத்தான் வரும் என்பதால் முதலில் தண்ணீர் வந்து விழும் பக்கத்தை மூடுங்கள். அடுத்த வருடம் தூரைப் பிரித்து மற்ற பக்கங்களுக்கு நீங்களே நட்டுக்கொள்ளலாம், இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: கரைக்கும் சேர்த்துத் தார்ப்பாய் விரிக்கப் போகிறேன். 500 மைக்ரான் என்று சொல்லி 300 கொடுத்துவிடுவார்கள் என்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பத்து அடுக்கு வருகிற மாதிரி மடித்து, காற்றில்லாமல் இறுக்கி அழுத்தி ஸ்கேல் வையுங்கள். 500 மைக்ரான் என்றால் 5 மில்லிமீட்டர் வர வேண்டும், 3 வந்தால் இறக்க விடாதீர்கள். பில்லில் மைக்ரானும் ஐ.எஸ். 15351 தரக்குறியீடும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்லா, ரோகு, சாதாக்கெண்டை மூன்றும் விட்டேன். கரை நன்றாக இருக்கிறது, மாடும் இறங்குவதில்லை. ஆனாலும் கலங்கல்.

பதில்: சாதாக்கெண்டைதான். இரைக்காக அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும் மீன் அது. அதைப் பிடித்துவிட்டுப் பத்து நாள் பாருங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், மீன் குட்டைக்கு அது நல்லதும் இல்லை. முழங்கை வரை கையை விட்டால் விரல் நுனி மங்கலாகத் தெரிய வேண்டும், நிறம் இளம் பச்சையாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் எதையும் வாங்கி ஊற்றாதீர்கள்.