வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலத்தில் போடும் தோட்டக் கணக்கு

கேள்வி: சென்ற இலையுதிர் காலத்தில்தான் ஸ்காபுறோவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். பின்வளவில் கத்தரி, மிளகாய், வெண்டி, பாகல் வைக்க விரும்புகிறேன். தை மாதத்திலேயே வீட்டுக்குள் விதை போட்டால் முன்னதாகக் காய் பறிக்கலாமா? பாத்திக்கு இடத்தை எப்படித் தெரிவு செய்வது?

பதில்: விதை போடுவதற்குத் தை மாதம் மிகவும் முந்தியது. கணக்குப் போடுவதற்கோ இதைவிட நல்ல காலம் இல்லை. ரொறன்ரோப் பகுதியில், மே 25க்கு முந்திய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா நாளை ஒட்டியே பலரும் கன்றுகளை வெளியே நடுகிறார்கள், ஏனெனில் அதற்குள் உறைபனி பெரும்பாலும் நின்றுவிடும். ஒக்டோபரில் அது திரும்பிவிடுவதால் நமது மரக்கறிகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நாலரை மாதங்களே. கத்தரி, வெண்டி, பாகல் ஆகியவற்றுக்கு இரவு வெப்பநிலையும் 10 பாகைக்கு மேல் நிலைக்க வேண்டும் என்பதால், அவற்றை ஜூன் முதல் வாரத்தில் நடுவதே பாதுகாப்பு.

அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மெல்ல வளரும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் எட்டு முதல் பத்து வாரங்கள் வேண்டும், ஆகவே மார்ச் இறுதியில் போடலாம். வெண்டியும் பாகலும் வேர் கலைவதைத் தாங்காதவை. ஏப்ரல் இறுதியில் அல்லது மே தொடக்கத்தில் ஒவ்வொரு விதையையும் தனிச் சாடியில் போட்டு, பின்னர் மண் உதிராமல் அப்படியே நிலத்துக்கு மாற்ற வேண்டும். தையில் போட்ட நாற்று ஜன்னலோரத்தின் மங்கிய வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளர்ந்து, தண்டு வெளிறிச் சாய்ந்துவிடும். மார்ச்சில்கூட ஜன்னலை மட்டும் நம்பாமல், நாற்றின் நுனிக்கு நாலைந்து அங்குலம் மேலே ஒரு எல்.ஈ.டி. விளக்கைத் தொங்கவிட்டு, நாளொன்றுக்குப் 14 மணி நேரமாவது எரியவிடுங்கள்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பனிக்காலம் பலரை ஏமாற்றிவிடுகிறது. டிசம்பர் நடுப்பகலில் ரொறன்ரோவில் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும், ஜூனிலோ 70 பாகை வரை ஏறும். வளவின் தெற்கு எல்லையில் ஆறடி வேலி இருந்தால் அதன் நடுப்பகல் நிழல் டிசம்பரில் 14 அடி வரை நீளும், ஜூனில் இரண்டு அடிக்குச் சற்றுக் கூடுதலாகவே விழும். எனவே இப்போது நிழலாகத் தெரியும் இடமெல்லாம் கோடையிலும் நிழலாக இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மறுபுறம், இன்று இலையின்றி நிற்கும் மேப்பிள் மரத்தின் கீழ் வெயில் தாராளமாக விழுந்தாலும், அது துளிர்த்த பிறகு அங்கே கத்தரி காய்க்காது. தாளில் வளவை வரைந்து வேலி, மரம், கட்டடம், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைக் குறித்து, கோடையில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழக்கூடிய பகுதியை வட்டமிடுங்கள். பாகல் பந்தலைப் பாத்தியின் வடக்குப் பக்கத்தில் அமைத்தால் மற்றச் செடிகளை அது மறைக்காது.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து வந்த பாகல், கத்தரி விதைகள் முளைக்குமா?

பதில்: உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்த கத்தரி விதை நாலைந்து ஆண்டுகள்கூட முளைப்புத் திறனை இழக்காது. பத்து விதைகளை ஈரமான காகிதத் துவாலையில் மடித்து, பிளாஸ்ரிக் பையிலிட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து இரண்டு வாரம் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் புதிய விதை வாங்குவதே நல்லது. பாகல் விதையின் தோல் தடித்தது. ஆகவே கூரிய முனையை நகவெட்டியால் இலேசாக நறுக்கி, ஓர் இரவு ஊறவைத்துப் போட வேண்டும். குளிர்ந்த நிலவறையில் அது முளைக்காமல் அழுகிவிடும், 25 பாகைக்கு மேல் வெப்பம் கட்டாயம். இனி ஊரிலிருந்து விதை கொண்டுவரும்போது விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள், அது சட்டப்படி கட்டாயமானது.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்துவைத்த கறிவேப்பிலை இலை முழுவதையும் உதிர்த்துவிட்டது. பசளை போடலாமா?

பதில்: வேண்டாம். வெளிச்சமும் வெப்பமும் குறைந்ததால் செடி உறங்குநிலைக்குப் போயிருக்கலாம். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இந்நிலையில் அதிகம் ஊற்றும் தண்ணீர்தான் வேரை அழுகச் செய்யும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். மார்ச்சில் புதுத் துளிர் கண்டபின் சிறிதளவு பசளை இடலாம்.