நன்றியுணர்வு வரவில்லை என்பது நன்றிகெட்டதனமா?

உங்கள் கடிதத்தில் படபடப்பு, தூக்கமின்மை, முடி உதிர்வு, மறதி என்று 11 குறைகளை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். முடி உதிர்வுக்கும் மறதிக்கும் இடையில், "நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் பாரம் குறையும் என்று சில இரவுகளில் தோன்றுகிறது" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு, ஒன்றுமே சொல்லாததுபோல அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மனச்சோர்வு உள்ளவரிடம் அழுகையைவிட, தூக்கமின்மையைவிட, தான் பிறருக்குச் சுமை என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். உங்கள் குரலில் நோய் பேசும் பேச்சு அது. இன்றே வீட்டில் ஒருவரிடம் அந்த வரியை அப்படியே சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். எப்படி, எப்போது என்று அந்த எண்ணம் திட்டமாக மாறத் தொடங்கினால் வாரக்கணக்கெல்லாம் கிடையாது: அந்த நேரமே துணையுடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்க வேண்டும். அதுவரை தனியாக இருக்காதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அது முளைப்பதில்லை; உள்ளே வைத்துப் புழுங்குபவருக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது.

இனி, நீங்கள் உண்மையில் அஞ்சும் விஷயம். ஏதோ ஒரு காணொளி சொன்னபடி 40 நாட்களாக இரவுதோறும் நன்றி சொல்ல மூன்று விஷயங்களை எழுதி வருகிறீர்கள். மனதில் ஒன்றும் அசையவில்லை. ஆகவே, இவ்வளவு கிடைத்தும் நன்றியில்லாத பிறவி நான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். எதிலும் ஈடுபாடும் இன்பமும் அற்றுப்போவது மனச்சோர்வின் இரண்டு முதன்மை அறிகுறிகளுள் ஒன்று. இன்பம் எழாத மனதில் நன்றியும் எளிதில் எழுவதில்லை. காய்ச்சலில் நாக்குக் கசந்தால் சாப்பிடுபவரின் குணத்தை யாரும் சந்தேகிப்பதில்லையே.

அந்தப் பழக்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்களும் நரம்புத்தசை நோய் உள்ளவர்களும்தான். மனச்சோர்வுக்கான சிகிச்சையாக அது சோதிக்கப்படவில்லை. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வைக் குறைப்பதில் அதன் பலன் சிறியது என்றே தெரிந்தது. காணொளி போடுபவர்கள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

"அன்பான கணவர், நல்ல பிள்ளைகள், குறையில்லாத வீடு" என்று நீங்கள் எழுதும் பட்டியல், இத்தனை இருந்தும் உனக்கென்ன கேடு என்று உங்களையே கேட்கும் குற்றப்பத்திரிகையாகிவிட்டது. என்னிடம் சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணியின் நோட்டிலும் முதல் வாரம் முழு வாக்கியங்கள் இருந்தன, மூன்றாம் வாரம் வெறும் "மேற்படி, மேற்படி" என்றிருந்தது. மருந்து பிடிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள், "பக்கத்து வீட்டுக் குழந்தை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றது" என்று மட்டும் எழுதியிருந்தார். நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் வெகுநாள் கழித்து அவர் கண்ணில் ஏதோ ஒன்று பட்டிருக்கிறது. நீங்களும் பட்டியலை நிறுத்திவிட்டு, அன்று கண்டதோ கேட்டதோ தொட்டதோ ஒன்றை மட்டும், வாரத்தில் இரண்டு முறை எழுதினால் போதும். வலித்ததையும் அதே பக்கத்தில் எழுதலாம். ஒன்றும் தோன்றாத நாளில் பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் வருத்தம் உண்டு. மருத்துவர் கொடுத்த மனச்சோர்வு மருந்தை, ஆயுள் முழுக்க அடிமையாக்கிவிடும் என்று இணையத்தில் யாரோ எழுதியதை நம்பி, 12ஆம் நாள் நிறுத்திவிட்டீர்கள். அந்த மருந்துகள் பலன் காட்டவே பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அடிமையாவோம் என்று பயந்தவர், நாத்தனாரிடம் வாங்கி இரவில் விழுங்குவதோ அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை. பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரை அதுதான். பல வாரம் சாப்பிட்டிருந்தால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, வலிப்புகூட வரலாம். எத்தனை நாளாக, எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

41 வயதில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது மறதி நோய் ஆகாது. சோர்ந்த மனம் கவனிக்காததை நினைவில் வைப்பதில்லை. முடி உதிர்வும் படபடப்பும் உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை. தைராய்டையும் இரத்தச்சோகையையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டால் போதும்.

இணையத்தில் ஒன்பது கேள்விகள் கொண்ட வினாத்தாளை நிரப்பி, 27க்கு 17 வந்தது என்று பயந்திருக்கிறீர்கள். மொத்த மதிப்பெண் எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றி அதில் ஒன்பதாவதாக ஒரு கேள்வி உண்டு. அதற்கு நீங்கள் எதைக் குறித்தீர்கள் என்று எனக்கு எழுதவில்லை. அந்தத் தாளை அப்படியே மருத்துவரிடம் எடுத்துச் சென்று, முதலில் அந்தப் பதிலைக் காட்டுங்கள்.