மூன்று சீட், ஒரு வீடு: முடிவுக்கு முன் எழுத வேண்டிய தாள்

மூன்று இடத்தில் சீட் கிடைத்திருக்கிறது. பத்து நாளில் பணம் கட்டியாக வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு, பிள்ளையோ வாயே திறப்பதில்லை. இந்த நிலையில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கல்லூரி நல்லது?" அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிடலாம்: கல்லூரி உங்கள் பிள்ளையை எப்படித் தேர்ந்தெடுத்தது?

விண்ணப்ப உறையைப் பிரிக்கும் முன்பே கல்லூரி தன் விதியை எழுதி வைத்துவிடுகிறது. எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு பங்கு, இருவர் சமமாக வந்தால் யார் முன்னால், நேர்காணலுக்கு எத்தனை பேர் என்று எல்லாம் தாளில் இருக்கும். வீட்டில் நடப்பது தலைகீழ். முதலில் ஒரு கல்லூரி மனதுக்குப் பிடித்துவிடும்; காரணம் பிறகு தேடிக் கொண்டுவரப்படும். காரணத்தைப் பின்னால் தேடினால் எல்லாக் கல்லூரிக்கும் காரணம் கிடைக்கும். பத்து நாள் பேசியும் முடிவு வராததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

முதலில் கல்லூரியின் பக்கம் நடப்பதை விளங்கிக்கொள்வோம். "கல்லூரி முடிவெடுத்தது" என்கிறோம், ஆனால் அங்கே ஒரே தலை உட்கார்ந்து யோசிப்பதில்லை. அலுவலகத்தில் ஒருவர் தகுதியைச் சரிபார்க்கிறார், இன்னொருவர் மதிப்பெண் வரிசைப்படி பட்டியலை வெட்டுகிறார், அதன் பிறகுதான் ஆசிரியர் குழுவின் கைக்குப் போகிறது. முதல் கட்டத்தில் விழுந்த விண்ணப்பத்தின் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு சான்றிதழில் பெயரின் எழுத்து வேறுவேறாக இருந்தது, ஒரு பக்கம் பதிவேறவில்லை, கையெழுத்து விட்டுப்போனது, கட்டிய பணம் கணக்கில் சேரவில்லை என்று இப்படித்தான் அங்கே விழும். ஆகவே "நிராகரிக்கப்பட்டது" என்று வந்தால் பிள்ளையைக் கேட்பதற்கு முன் அலுவலகத்தைக் கேளுங்கள்: எந்தக் கட்டத்தில்? முதல் கட்டம் என்றால் பல இடங்களில் திருத்திக் கொடுக்க இரண்டு மூன்று நாள் தருவார்கள்.

கட்-ஆஃப் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கட்-ஆஃப் என்பது கல்லூரி குறித்து வைத்த தரம் என்று நினைக்கிறோம். பெரும்பாலான இடங்களில் அது போன வருடம் கடைசியாக உள்ளே போனவரின் மதிப்பெண், அவ்வளவுதான். 30 சீட் உள்ள பிரிவில் அது உயரும், அதே பிரிவை 120 சீட்டாக்கினால் இறங்கும். ஆசிரியரும் ஆய்வகமும் அப்படியே இருக்கும். எத்தனை பேர் அந்த வாசலில் முண்டியடித்தார்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது அதில் இல்லை.

காத்திருப்புப் பட்டியலும் அப்படித்தான். 60 சீட் இருக்கிறது, அழைத்தவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்பது பழைய அனுபவம் என்றால் கல்லூரி 120 பேரை அழைக்கும். கணக்குத் தப்பி 75 பேர் வந்து நின்றால் உட்கார இடமில்லை. 45 பேர்தான் வந்தார்கள் என்றால் வருமானம் போகும். அதனால் கொஞ்சம் குறைவாக அழைத்து, மீதியைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்துச் சமாளிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர் நகர்வது அவன் கையிலும் இல்லை, கல்லூரி கையிலும் இல்லை. முன்னால் இருக்கும் முகம் தெரியாதவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: பட்டியல் வரிசை எண்ணோடு இருக்கிறதா, போன வருடம் எத்தனையாவது எண் வரை அழைத்தீர்கள்?

மையக் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்ற பயத்தில் நடுத்தரமான ஒன்றை முதலிடத்தில் எழுதுவார்கள். இது சரியா தப்பா என்பது ஒதுக்கீட்டு விதியைப் பொறுத்தது. இரண்டு வகை விதி இருக்கிறது.

முதல் வகையில் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கப்படும். உங்கள் பிள்ளையின் ரேங்க் 40 என்று வைத்துக்கொள்வோம். 39 பேருக்கு ஒதுக்கிய பிறகு அவனுடைய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகிறது. முதல் மூன்றும் நிறைந்துவிட்டது, நான்காவதில் இடம் இருக்கிறது என்றால் அது அவனுக்கு. மேலே மூன்று இடத்தில் கிடைக்காமல் போனதால் நான்காவதில் அவன் வாய்ப்பு துளியும் குறையவில்லை, ஏனென்றால் 41ஆம் ரேங்க்காரரை இன்னும் யாரும் கேட்கவே இல்லை. இங்கே மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் புத்திசாலித்தனம். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி தரவரிசை இருந்தாலும் இதே குணம் இருக்கும்படி ஒரு முறையை டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் 1962இல் வகுத்தார்கள். சீட்டைத் தற்காலிகமாகக் கொடுத்து வைத்து, மேலான ரேங்க் வந்தால் மாற்றி, எல்லாரும் கேட்டு முடித்த பிறகுதான் உறுதி செய்வது. இந்தத் துறை வேலைக்காக 2012இல் ஷாப்லிக்கும், பொருளாதார அறிஞர் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது.

இரண்டாவது வகையில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே முதலில் சீட். 80ஆம் ரேங்க்காரர் அந்தக் கல்லூரியை முதலில் எழுதியிருந்தால், இரண்டாவதாக எழுதிய 40ஆம் ரேங்க்காரருக்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே மனதில் உள்ளதை அப்படியே எழுதினால் நஷ்டம் வரலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பள்ளிகள் இந்த முறையைத்தான் வைத்திருந்தன. விவரம் தெரிந்த பெற்றோர் தப்பித்து, தெரியாதவர் மாட்டிக்கொண்ட காரணத்தால் 2005இல் அதைக் கைவிட்டார்கள்.

ஆகவே கலந்தாய்வுக் கையேட்டில் "ஒதுக்கீட்டு முறை" என்ற பக்கத்தை முதலில் தேடிப் படியுங்கள். பட்டியலில் ஐந்து பெயர்தான் எழுதலாம் என்று வரம்பு இருந்தால், எந்த வகையாக இருந்தாலும் கடைசி ஓர் இடத்தைக் கட்டாயம் கிடைக்கக்கூடிய ஒன்றுக்கு விட்டு வையுங்கள். கிடைத்தாலும் சேரப் போவதில்லை என்ற கல்லூரியை எழுதாதீர்கள். சில இடங்களில் அது ஒதுக்கப்பட்டதும் அடுத்த சுற்று வாய்ப்பே போய்விடும்.

இப்போது வீட்டுப் பக்கம். அப்பாவுக்கு ஒரு வரிசை: முதல் கல்லூரி, பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. அம்மாவுக்கு இரண்டாவது, மூன்றாவது, முதல். பிள்ளைக்கு மூன்றாவது, முதல், இரண்டாவது. ஓட்டுப் போட்டுப் பாருங்கள். முதலா இரண்டாவதா என்றால், முதலுக்கு இரண்டு ஓட்டு. இரண்டாவதா மூன்றாவதா என்றால், இரண்டாவதற்கு இரண்டு. சரி, முதல்தான் வென்றது என்று நினைத்து மூன்றாவதோடு ஒப்பிட்டால் மூன்றாவது ஜெயிக்கிறது! செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கலாம். கோந்தோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் 1785லேயே இதை எழுதி வைத்துவிட்டார். உங்கள் வீட்டில் தினமும் ராத்திரி ஒரு முடிவும் காலையில் வேறொரு முடிவும் வருகிறதென்றால் அது யாருடைய பிடிவாதமும் இல்லை, கணக்கு அப்படி விழுந்திருக்கிறது. கல்லூரிப் பெயரை வைத்து ஓட்டெடுப்பதை விடுங்கள். எதை வைத்து அளப்பது என்பதில் முதலில் ஒத்துப்போங்கள்.

அதற்கு ஒரு தாள் போதும். எந்தக் கல்லூரியின் பெயரையும் எழுதாமல், ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், எது எது முக்கியம் என்று எழுதட்டும். தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம், முதலில் வாய் திறப்பவர் சொன்னதைச் சுற்றியே மற்றவர் பேச்சும் போய்விடும், பிள்ளைகள் அதிலும் சீக்கிரம் அடங்கிவிடுவார்கள். பிறகு மூன்று தாளையும் சேர்த்து ஆறு அளவுகோலுக்குள் அடக்குங்கள். உதாரணமாக: பாடத்திட்டத்தில் பிள்ளை விரும்பும் பாடங்கள் எத்தனை, ஆசிரியரும் ஆய்வகமும், படிப்பு முடியும் வரை மொத்தச் செலவு, படித்து முடித்தவர்களில் நடுவில் இருப்பவர் போய்ச் சேரும் நிலை, தினசரி பயணம் அல்லது விடுதி, பிடிக்காவிட்டால் மாறும் வழி. "நல்ல பெயர்", "கட்-ஆஃப்", "எல்லாரும் விரும்புவது" மூன்றையும் தனித்தனி வரியாகப் போடாதீர்கள். ஒன்றையே மூன்று தடவை எண்ணியதாகிவிடும்.

இருபது புள்ளியை இந்த ஆறுக்கும் பங்கிடுங்கள். அடுத்து ஒவ்வொரு கல்லூரிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இதில் ஒரு சூட்சுமம்: ஒரு கல்லூரிக்கு ஆறு மதிப்பெண்ணையும் போட்டுவிட்டு அடுத்த கல்லூரிக்குப் போகக் கூடாது. ஓர் அளவுகோலை எடுத்து மூன்று கல்லூரிக்கும் போட்டுவிட்டு, பிறகு அடுத்த அளவுகோல். இல்லையென்றால் பிடித்த கல்லூரிக்கு விடுதிச் சாப்பாடு முதல் நூலகம் வரை எல்லாமே ஐந்தாக விழும். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் அதிகாரியாக இருந்த 1950களில் ஆட்களைத் தேர்வு செய்யும் நேர்காணலை இப்படித்தான் மாற்றினார். ஆறு குணங்கள், ஒன்றை முடித்து மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது, எல்லாம் முடிந்த பின் கண்ணை மூடி ஒரு மொத்த மதிப்பெண். அந்த உள்ளுணர்வு மதிப்பெண்ணும் நன்றாகவே பலித்தது, ஆனால் ஆறையும் போட்ட பிறகு வந்த உள்ளுணர்வு அது. உங்கள் வீட்டிலும் "எனக்கு என்னவோ இதுதான் சரின்னு படுது" என்பதற்கு இடம் உண்டு, கடைசியில்.

ஒவ்வொரு அளவுகோலின் புள்ளியையும் கல்லூரியின் மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டினால் நூற்றுக்கு வரும். 71, 69, 52 என்று வந்தால் 52ஐ மறந்துவிடலாம். 71க்கும் 69க்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு புள்ளியை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிக்க அந்தத் தாளுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. அப்போது எதிலிருந்து திரும்பி வருவது சுலபமோ அதை எடுங்கள். மொத்தத்தைப் பார்த்ததும் யாராவது ஒருவர் "இந்த அளவுகோலுக்கு இன்னும் ரெண்டு புள்ளி கூட்டலாமே" என்பார். திட்டாதீர்கள். மனதில் இருந்த ஏதோ ஒன்று தாளுக்கு வரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது நண்பன் சேரும் கல்லூரியாகவோ, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளும் பெருமையாகவோ இருக்கும். அதையும் ஒரு வரியாக எழுதிவிட்டால் பேச்சு நேர்மையாகிவிடும்.

மதிப்பெண் போட விவரம் வேண்டுமே, அதில்தான் பெரிய ஓட்டை. "90 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றால் எதில் 90 சதவீதம்? சேர்ந்தவர் 120, வேலைக்குப் பதிவு செய்ய அனுமதிக்கப்பட்டவர் 80, வேலை கிடைத்தவர் 72. எண்பதில் பார்த்தால் 90, நூற்றிருபதில் பார்த்தால் 60. சராசரிச் சம்பளமும் இப்படித்தான்: ஒன்பது பேருக்கு 30,000, ஒருவருக்கு 3,30,000 என்றால் சராசரி 60,000. அந்த அறுபதாயிரத்தை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. நடுவில் நிற்பவரின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் அந்த வரியில் 2க்கு மேல் போடாதீர்கள்.

இன்னும் நல்ல கல்லூரி இருக்குமோ என்று தேடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு வேறு மருந்து. ஹெர்பர்ட் சைமன் (1978 பொருளாதார நோபல்) சொன்னதன் சாரம்: மனிதருக்கு நேரமும் விவரமும் அளவானவை, ஆகவே போதுமான அளவை முன்பே குறித்து, அதைத் தாண்டிய முதல் ஒன்றோடு தேடலை நிறுத்தலாம். "65க்கு மேல் வந்தால் நிறுத்துகிறோம்" என்று தாளின் மேலே எழுதுங்கள். "ரெண்டு வருஷம் இந்தத் தேர்வுக்குப் படிச்சாச்சே" என்பது எந்த அளவுகோலிலும் சேராது; போன வருடங்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் திரும்பி வரப் போவதில்லை.

பணம் கட்டுவதற்கு முதல் நாள் கடைசியாக ஒரு பத்து நிமிடம். கேரி கிளைன் என்ற உளவியலாளர் நிறுவனங்களுக்குச் சொன்ன பயிற்சி இது. இரண்டு வருடம் கழிந்துவிட்டது, பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான் என்று வைத்துக்கொண்டு, ஏன் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். "என்ன தப்பாகலாம்?" என்று கேட்டால் "ஒண்ணும் ஆகாது" என்ற பதில்தான் வரும், நடந்துவிட்டதாக வைத்துக் கேட்டால் ஆளுக்கு நாலு காரணம் வரும். கணக்குப் பாடம் தாங்கவில்லை, விடுதி ஒத்துவரவில்லை, இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இப்போதே செய்யக்கூடியதை எழுதுங்கள்.

ரசீது வாங்கும்போதே மூன்று தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழுப் பணத்தோடு விலகக் கடைசி நாள், பிரிவு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், வேறு கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால் அது மூடும் நாள். சேரப் போகாத இரண்டுக்கும் அன்றைக்கே "வரவில்லை" என்று எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டுக்கு வெளியே வேறொரு பிள்ளை வரிசை எண்ணோடு காத்துக்கொண்டிருக்கும்.